வெட்டி ஒட்டின பத்து ரூபாய்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்குக் கதை குண்டடத்துல ஆரம்பிக்குது. பல்லடத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல இருக்கிற எங்க அம்மிச்சி ஊர். போன பொங்கலுக்குப் போனப்போ, பழைய டிரங்க் பெட்டியில ஒரு பத்து ரூபாய் நோட்டு கிடைச்சுது. ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெறும் தாள். ராஜா படம் கிடையாது. மெட்ராஸ்னு ஊர் பேர் இருந்துது. நடுவுல நேரா வெட்டி, பின்னாடி காகிதம் வச்சு ஒட்டியிருந்தாங்க.

போட்டோ எடுத்து ஆன்லைன்ல போட்டேன். ஒரு மணி நேரத்துல மெசேஜ் வந்துது. "சார், எட்டு லட்சம் தர்றோம். ரிசர்வ் பேங்க் பதிவுக்கு 2,500 ரூபாய் மட்டும் அனுப்புங்க." பைக் டியூ கட்ட வேண்டிய நேரம் வேற. அனுப்பவே போயிட்டேன். பக்கத்துல இருந்த அம்மிச்சி கேட்டாங்க: "காசு தர்றவன் எதுக்குச் சாமி உங்கிட்ட காசு கேக்கறான்?"

அப்புறம் தேடிப் பார்த்தா, 2021 ஆகஸ்ட் 4-ம் தேதியே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை கொடுத்திருக்கு. பழைய நோட்டு, நாணயம் விற்க, வாங்க தன் பேர்ல கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரலைன்னு தெளிவா சொல்லியிருக்காங்க.

அடுத்த வாரம் கோயம்புத்தூர்ல பழைய நோட்டு சேர்க்கிற ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். நோட்டை வெளிச்சத்துல பிடிச்சு முதல்ல வாட்டர்மார்க் பார்த்தார். அடுத்து ரெண்டு பாதியிலயும் இருக்கிற நம்பரைப் பார்த்தார். ரெண்டும் ஒண்ணுதான். "தம்பி, இது கிழிஞ்ச நோட்டு இல்லீங்க. தபால்ல வந்த நோட்டு" அப்படின்னார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்துல வியாபாரிங்க பணத்தைத் தபால்ல அனுப்பும்போது, வழியில திருடு போகாம இருக்க நோட்டை ரெண்டா வெட்டுவாங்க. முதல் பாதி ஒரு கவர்ல போகும். அது கிடைச்சதுன்னு பதில் வந்த பிறகுதான் மறுபாதி கிளம்பும். வாங்கினவர் நம்பரைச் சரிபார்த்து ஒட்டிக்குவார். பாதி நோட்டைத் திருடினவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நம்ம ஓடிபி மாதிரின்னு வச்சுக்கங்களேன்!

ஊர் பேர் எதுக்கு? 1861-ம் வருஷச் சட்டத்துல நோட்டு வெளியிடுற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்னு ஆச்சு. நாட்டை வட்டங்களா பிரிச்சாங்க. ஒரு வட்டத்து நோட்டை இன்னொரு வட்டத்துல மாத்திக்கச் சட்டப்படி உரிமை கிடையாது. 1903-க்கும் 1911-க்கும் நடுவுலதான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகளுக்கு இந்த எல்லையை எடுத்தாங்க. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட பத்து ரூபாய் வந்தது 1923-ல. எங்க நோட்டு அதுக்கு முந்தினது.

சரி, விலை? வெட்டு இருந்தாலே குறையும். எட்டு லட்சம்லாம் சும்மா கதை. அதுல ஓரமா நான் ஒட்டியிருந்த செல்லோ டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிடுச்சு. அந்தப் பசை தாளுக்குள்ள இறங்கி மஞ்சள் கறை ஆயிடும். பிய்ச்சா தாளும் சேர்ந்து வரும். "தொடாதீங்க, அப்படியே விடுங்க"ன்னுட்டார்.

அதனால உங்க வீட்டுல கிடைச்சா டேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க, கழுவாதீங்க, அயர்ன் பண்ணாதீங்க. பிவிசி கவர் வேண்டாம், பாலியெஸ்டர் கவர்ல போடுங்க. யாருக்கும் முன்பணம் அனுப்பாதீங்க.

திரும்பி வந்து அம்மிச்சிகிட்ட சொன்னேன். "எங்க மாமனார் பஞ்சு ஏவாரம் பண்ணுனாரு. அவருக்கு எவனோ அனுப்புனதா இருக்கும்"னாங்க. யார் அனுப்பினது, ஏன் செலவு பண்ணலைன்னு கேட்டேன். அவங்களுக்கும் தெரியல. "விக்கப் போறியா?"ன்னாங்க. இல்லன்னேன்.

பைக் டியூ ஒரு வாரம் லேட்டாதான் கட்டினேன். நோட்டு இப்போ கவருக்குள்ள, அதே பெட்டியில இருக்கு. வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே பெட்டியைத் திறந்து, இது யாரோடதுன்னு கேட்டு வச்சுக்கங்க. நான் கொஞ்சம் லேட்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.