பனம்பாகும் பைந்தமிழும்



மரத்தின் இன்னீரை வடித்து வீட்டடுப்பில் பாகாக்கும் கலை பல நாட்டார்க்கும் உரியது. கனடாவில், பனி உருகத் தொடங்குங்கால், மேப்பிள் மரத்தின் அடியில் துளையிட்டுச் சாறு வடிப்பர். அச்சாற்றில் இனிப்பு நூற்றுக்கு 2 அளவே. ஆதலின் 40 படி காய்ச்சினால்தான் 1 படி பாகு தேறும். வங்காளத்தார் குளிர்காலத்தில் ஈச்சமரத்தின் கழுத்தைச் சீவுவர். ஈழத்து மலைநாட்டார் கூந்தற்பனையின் பாளையைச் சீவுவர்.

தமிழர்க்கு வாய்த்ததோ பனை! பதநீரில் இனிப்பு நூற்றுக்கு 12 அளவில் உண்டு. ஏறத்தாழ 7 படியிலேயே 1 படி பாகு கிடைத்துவிடும்.

ஆண்பனை அலகுப்பனை எனப்படும். பெண்பனை பருவப்பனை எனப்படும். பாளையைக் கடிப்பால் நெருக்கிப் பதப்படுத்தி, நுனியை நாடோறும் சீவிக் கலயம் கட்டுவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிடின் புளித்துக் கள். இறக்கிய பதநீரை வடிகட்டி அன்றே காய்ச்சுதல் வேண்டும். பொங்கி எழுங்கால் நசுக்கிய ஆமணக்கு விதையை இட்டால் நுரை அடங்கும். கூழ்போல் திரண்ட பதத்தைத் தென்பாண்டியார் கூப்பனி என்பர். யாழ்ப்பாணத்தார் பாணி என்பர். மேலும் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி.

கனடா நாட்டார் 1965இல் மேப்பிள் இலையைத் தம் கொடியிலேயே பொறித்தனர். அவர்தம் பாகு இன்று தமிழ்நாட்டு நகரக் கடைகளில் ‘சிரப்’ என்னும் பெயரோடு உயர்விலைக்கு விற்கின்றது. பனையும் 1978இல் தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. மரத்திற்குச் சிறப்புச் செய்தாயிற்று. மரமேறுவோர்க்குச் செய்தது என்ன? உயிரைக் கையிற் பிடித்து ஏறுபவனை இழிவாக நோக்கும் ஊரில் அவன் மகன் எவ்வாறு ஏறுவான்? புகையில் கண் கலங்க அடுப்பெரிக்கும் அவன் மனைவியின் உழைப்பை எவர் விலைமதித்தார்?

அலகு, பருவம், கடிப்பு, கூப்பனி என்பன அகரமுதலியிற் பிறந்த சொற்கள் அல்ல. மரத்தடியிலும் அடுப்படியிலும் பிறந்தவை. ஏறுவோன் இல்லையேல் பதநீர் இல்லை. பதநீர் இல்லையேல் அச்சொற்களைச் சொல்ல நாவும் இல்லை.

ஆதலின், வெண்சருக்கரை கலவாத கருப்பட்டியைக் கேட்டு வாங்குங்கள். உழைப்புக்கேற்ற விலையைப் பேரம் பேசாது கொடுங்கள். பனையேறியின் வீட்டோடு ஒப்புரவாகப் பழகுங்கள். சொல்லைக் காக்க விழைவோர், அச்சொல்லை ஈன்ற தொழிலையும் காத்தல் வேண்டும். பனை நின்றால் போதாது; பாளை சீவும் கையும் நிலைத்தல் வேண்டும்!