பார்க்காததற்குச் சாட்சி



2019 ஏப்ரல் 18 பெரிய வியாழன். மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் அன்றுதான். பாதம் கழுவும் சடங்குக்கு ஆலயங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த அந்த நாளில், நமது அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. படங்கள் கைபேசிகளில் பரவின. வீடு நொறுங்கியவரின் கண்ணீரைவிட, எந்தக் கட்சி, எந்தச் சாதி என்ற வாதமே ஓங்கியது.

அதே நேரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய குரல் பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. மக்கள் காவல் நிலையத்தை முற்றுகையிட்டனர். வாகனங்கள் உடைந்தன. பெரிய வெள்ளியன்று அங்கே 144 தடை உத்தரவு. பேசியவர் ஓரிருவர், கொண்டுசேர்த்த கைகள் எத்தனை! நியாயம் கேட்கவே பலர் அனுப்பியிருப்பார்கள். ஆனால் இழிசொல்லும் கூடவே போய்ச் சேர்ந்தது.

முன்பு டீக்கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். எல்லாக் கட்சிக்காரரும் ஒரே பெஞ்சில் கேட்பார்கள், சண்டை போடுவார்கள், மறுநாளும் வருவார்கள். இன்றோ ஒரே வீட்டில் அண்ணன் கைபேசியில் ஒரு செய்தி, தம்பி கைபேசியில் அதற்கு நேர்மாறான செய்தி. நாம் விரும்பிப் பார்ப்பதையே செயலிகள் மேலும் மேலும் காட்டுகின்றன.

நானும் தவறியிருக்கிறேன். தேர்தல் நேரத்தில் வந்த ஒரு காணொளியைப் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். அது பழையது, வேறு மாநிலத்தில் எடுத்தது என்று பிறகு தெரிந்து நீக்கினேன். ஒரு பெரியவர் வந்தார்: “சாமி, நீங்க அனுப்புனதுன்னு நம்பி நானும் பத்துப் பேருக்கு அனுப்பிட்டேனே!” அந்தப் பத்துப் பேரை நான் எங்கே தேடுவது? அடுத்த ஞாயிறு திருப்பலியில் எல்லார் முன்னும் என் தவற்றைச் சொன்னேன்.

ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்க்க இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். காணாததை அனுப்பும்போது நாமும் சாட்சிக் கூண்டில் ஏறுகிறோம். ஏவாளிடம் பாம்பு சொன்னதே முதல் பொய்ச் செய்தி என்று 2018 உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் சுட்டிக்காட்டினார். அந்த வரலாறு, அண்ணன் தம்பியைக் கொன்றதில் போய் நின்றது.

அனுப்பும் முன் கேட்போம்: இதை நான் பார்த்தேனா? இதில் பேசப்படுபவர் எதிரே நின்றால், அவர் முகம் பார்த்து இதைச் சொல்வேனா? தவறு என்று தெரிந்தால், அனுப்பிய அதே குழுவில் அதை ஒப்புக்கொள்வோம்.

ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.