வாங்குபவரின் உலையைப் பாருங்கள்



நிலவியல் படித்தவர்களும் பொருளியல் படித்தவர்களும் இன்று பட்டம் பெற ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் இரண்டு படிப்பும் சேர்ந்தால்தான் புரியும் ஓர் ஊரைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். அது மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம். தமிழ்நாட்டைப் போல் பத்தொன்பது மடங்கு நிலம். மக்கள் சுமார் 30 லட்சம் பேர், அவர்களிலும் பெரும்பாலோர் பெர்த் நகரத்தில். மற்றபடி வெயில், செம்மண், அதன் அடியில் இரும்பு, தங்கம், லித்தியம், நிக்கல், கடலடியில் எரிவாயு.

வடக்கே பில்பரா வட்டாரத்தில் போர்ட் ஹெட்லண்ட் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏழு மீட்டர்வரை போகும். நம் சென்னைக் கரையில் அது ஒரு மீட்டரைச் சுற்றித்தான். நீர் வற்றிய நேரத்தில், தாது நிரப்பிய கப்பல் வெளியேற ஆழம் போதாது. எனவே ஓதம் ஏறும்வரை காத்திருந்து, நீர் உயர்ந்ததும் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தூர்வாரிய நீண்ட கால்வாய் வழியே ஆழ்கடலுக்குப் போகின்றன. பெரிய கப்பல் ஒன்றில் இரண்டரை லட்சம் டன். ஓர் ஓதத்தைத் தவறவிட்டால் அடுத்த ஓதம்வரை அத்தனை பணமும் கரையில் நிற்கும். இப்படி ஆண்டுக்கு 55 கோடி டன்னுக்கு மேல் அனுப்புகிறார்கள். இந்தியா முழுவதும் ஓராண்டில் தோண்டும் இரும்புத்தாதுவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அது. சென்னைத் துறைமுகம் ஓராண்டில் கையாளும் எல்லாச் சரக்கையும் சேர்த்தாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும்.

இவ்வளவு தோண்டினால் ஒருநாள் தீர்ந்துவிடாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 1938-ல் ஆஸ்திரேலிய அரசும் அதையே நினைத்தது. நாட்டில் இரும்புத்தாது குறைவு, உள்நாட்டுக்கே போதாது என்று சொல்லி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 22 ஆண்டுகள் கழித்து, 1960-ல்தான் அதைத் தளர்த்தியது. அதன்பின் தேடத் தேட மலை மலையாகக் கிடைத்தது. 1966-ல் கப்பல்கள் ஜப்பானுக்குப் புறப்பட்டன. நிலவியல் மாணவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அரசு கணக்குப் போட்ட காலத்தில் பில்பராவை யாரும் சரியாக நடந்து பார்த்திருக்கவில்லை.

என் கவலை வேறு. தாது தீர்வதற்கு வெகுகாலம் முன்பே வாங்குபவரின் தேவை தீர்ந்துவிடும். ஜப்பானின் உருக்கு உற்பத்தி 1973-ல் சுமார் 12 கோடி டன்னைத் தொட்டது; அதோடு அதன் வேகம் நின்றது. பிறகு சீனா வந்தது. இன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புத்தாதுவில் பத்தில் எட்டு பங்குக்கு மேல் அந்த ஒரு நாட்டுக்குத்தான் போகிறது. அந்தச் சீனாவின் உருக்கு உற்பத்தியும் 2020-ல் 106 கோடி டன்னைத் தொட்டபின் அதைத் தாண்டவில்லை. அங்கே அடுக்குமாடிக் கட்டுமானம் படுத்துவிட்டது. கட்டி முடித்த பாலங்களும் பழைய கார்களும் இனி வரும் ஆண்டுகளில் பழைய இரும்பாக உலைக்குத் திரும்பும். அப்படித் திரும்பும் ஒவ்வொரு டன்னும் பில்பராவிடம் வாங்காத தாது. போதாக்குறைக்கு, தனித்தனியாக வாங்கினால் விலை ஏறுகிறது என்று 2022-ல் எல்லா ஆலைகளுக்கும் சேர்த்துப் பேரம் பேச ஓர் அரசு நிறுவனத்தையே சீனா தொடங்கியது.

விற்பவர் பக்கமும் கூட்டம் சேர்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் சிமாண்டு மலையிலிருந்து 2025 இறுதியில் முதல் கப்பல் கிளம்பியது. அந்தத் தாதுவில் இரும்பு 65 சதவீதத்துக்குமேல். முழு வேகத்தில் ஆண்டுக்கு 12 கோடி டன் வரும். அதில் சீன நிறுவனங்கள் பங்காளிகள். பில்பராவில் மிக அதிகமாகத் தோண்டும் ரியோ டிண்டோவும் ஒரு பங்காளி, கவனியுங்கள்! நிறுவனத்துக்கு இரண்டு மலைகள் உண்டு, மாநிலத்துக்கு ஒன்றுதான். அதே 2025-ல் ரியோ டிண்டோ தன் முக்கியமான பில்பரா கலவையின் இரும்பு அளவை 60.8 சதவீதமாக இறக்கி அறிவித்தது. நல்ல பாறையை முதலில் தோண்டிவிட்டார்கள்.

அப்படியானால் சுரங்கங்கள் மூடுமா? மூடாது என்றே நினைக்கிறேன். பெரிய நிறுவனங்கள் ஒரு டன்னைத் தோண்டிக் கப்பலில் ஏற்ற 20 டாலரை ஒட்டித்தான் செலவழிக்கின்றன. விலை நூறிலிருந்து எழுபதுக்கு வந்தாலும் லாபம் உண்டு. அடி விழுவது அரசின் கஜானாவுக்கு. தாதுவின் மதிப்பில் 7.5 சதவீதம் ராயல்டியாக வருகிறது. உலகச் சந்தையில் ஒரு டாலர் இறங்கினால் மாநிலத்துக்கு ஆண்டில் சுமார் 8 கோடி ஆஸ்திரேலிய டாலர் குறையும். விலையோ 2011-ல் 190 டாலரை ஒட்டி இருந்தது. 2015 டிசம்பரில் 40-க்கும் கீழே வந்தது. 2021 மே மாதம் 230-ஐத் தாண்டியது. இதை நம்பி ஆஸ்பத்திரி கட்டுகிற நிதியமைச்சர் நிம்மதியாகத் தூங்க முடியாது.

பொருளியல் மாணவர்கள் 2013-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். தாது விலையின் 2015 சரிவு இன்னும் வராத காலம் அது. அந்த ஆண்டில்தான் மாநிலம் தன் மும்மடி ஏ கடன் தரத்தை இழந்தது. ராயல்டி பெருகியதால் மத்திய ஜி.எஸ்.டி. பங்கு பின்னால் குறைந்தது. செலவோ குறையவில்லை. நல்ல காலத்தில் கடன் வாங்குவது எந்த ஊர் அரசுக்கும் கைவந்த கலை! போர்ட் ஹெட்லண்டிலேயே பத்து லட்சம் டாலருக்கு விற்ற வீடுகள் சில ஆண்டுகளில் பாதி விலைக்கும் கீழே போயின. கடைசியில் வாங்கியவர்கள் பாவம்.

லித்தியம் கதை இன்னும் வேகமானது. ஸ்போடுமீன் என்ற அதன் தாது 2022 இறுதியில் டன் 8,000 டாலர்வரை போனது. 2024-ல் ஆயிரத்துக்கும் கீழ். நிக்கலில் அடித்தது இந்தோனேசியா. 2020-ல் தாது ஏற்றுமதியைத் தடுத்து, சீன முதலீட்டில் உள்நாட்டிலேயே உருக்கத் தொடங்கியது. உலகச் சந்தையில் மலிவு நிக்கல் குவிந்தது. 2024 அக்டோபரில் சுரங்க நிறுவனமான பி.எச்.பி. தன் மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் தொழிலை நிறுத்திவைத்தது. அந்தப் பாறையில் நிக்கல் இன்னும் இருக்கிறது.

தாது இருந்தும் வியாபாரம் நின்றுபோவது நம் சென்னையிலும் நடந்தது. 1970களில் பாரதி டாக்கில் இயந்திரத் தாது ஏற்றுதளம் அமைத்து, பெல்லாரி–ஹோஸ்பேட் தாதுவை ஜப்பானுக்கு அனுப்பினோம். 2010-ல் கர்நாடகம் ஏற்றுமதியைத் தடுத்தது. 2011-ல் தூசு கிளப்பும் சரக்கைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக்கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏற்றுதளம் சும்மா நின்றது. பெல்லாரியில் தாது தீரவில்லை.

இந்தியா வளர்கிறதே, அடுத்த சீனா நாம்தானே என்று பெர்த்தில் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. உருக்கைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. நமக்கு ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் தாது இருக்கிறது. நம்மிடம் போதாதது ஊதுலைக்கான கோக்கிங் நிலக்கரி. அதைப் பெருமளவு ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வாங்குகிறோம், ஆனால் அது கிழக்கே குவீன்ஸ்லாந்தில் கிடைப்பது. நம் உலைகள் பெருகினால் குவீன்ஸ்லாந்துக்குத்தான் கொண்டாட்டம்.

மேற்கு ஆஸ்திரேலியா செய்த ஒரு காரியத்தை நான் மனமாரப் பாராட்டுவேன். 2006-ல், ஏற்றுமதிக்குத் தோண்டும் எரிவாயுவில் 15 சதவீதத்தை உள்நாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். நிறுவனங்கள் முணுமுணுத்தன. 2022-ல் உலகமெங்கும் எரிவாயு விலை எகிறி, அதே நாட்டின் கிழக்கு மாநிலங்கள் தவித்தபோது, மேற்கில் அந்தத் தவிப்பு இல்லை. ஆலை நடத்த மலிவான எரிவாயு இருந்தால்தான் தாதுவை இரும்பாக்கி விற்கும் பேச்சுக்கே இடம் உண்டு. இப்போது பெர்த்துக்குத் தெற்கே குவினானாவில், பில்பரா தாதுவை மின்னுலையில் உருக்கிப் பார்க்கும் முன்னோடி ஆலைக்குத் திட்டமிடுகிறார்கள். நிலக்கரி இல்லாமல் இரும்பு எடுக்க இதுவரை உயர்தரத் தாதுதான் ஒத்துவந்தது. பில்பராவின் சுமார் தரத் தாதுவுக்கு ஒரு வழி கிடைத்தால் என் கணிப்பு மாறும். இன்றைய நிலையில், அடுத்த பத்தாண்டில் கப்பல் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது, ஒவ்வொரு கப்பலின் மதிப்பும் குறையும் என்பதே என் எண்ணம்.

உங்கள் வேலை பற்றியும் சொல்ல வேண்டும். பில்பராவின் பெரிய லாரிகள் பலவற்றில் ஓட்டுநர் இல்லை. தாது ரயில்களை 1,500 கிலோமீட்டர் தள்ளிப் பெர்த்தில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். பாறையைப் படிக்கத் தெரிந்து கணினியையும் கையாளத் தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. மண்ணின் பூர்வகுடிகளோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவருக்கும் இருக்கிறது. 2020 மே மாதம் ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுப் பழமையான குகைகளை ரியோ டிண்டோ வெடிவைத்துத் தகர்த்தது; சட்டப்படி அனுமதி இருந்தது. ஆனாலும் நிறுவனத்தின் தலைமை அதிகாரியே பதவி விலக நேர்ந்தது.

உங்களில் சிலர் சுரங்க நிறுவன நேர்காணலுக்குப் போவீர்கள். கடைசியில் உங்களுக்குக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்பார்கள். சம்பளம், லீவு எல்லாம் ஆர்டரிலேயே வந்துவிடும். உங்கள் தாதுவை வாங்குகிறவர்கள் எத்தனை பேர், ஒரு டன்னைக் கப்பலில் ஏற்ற என்ன செலவு, விலை பாதியானால் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் மழுப்பினால் அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பம் போடுங்கள்.