பள்ளிக்கூடத்தில் புராணம்

உலகப் புராணங்களைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கலாமா என்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கட்டும், ஆனால் ஓரவஞ்சனை கூடாது. 1872-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், நினிவேயில் தோண்டியெடுத்த களிமண் ஏடொன்றைப் படித்தார். பைபிளின் நோவா கதையைப் போலவே அதிலும் வெள்ளம், கப்பல், புறா! மனுவை மீன் காப்பாற்றிய கதையிலும் வெள்ளமும் ஓடமும் உண்டு. மூன்றையும் ஒரே கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.

அதற்காக, நம்புகிற பிள்ளையைப் பார்த்து வாத்தியார் சிரிக்கலாமா? செத்த சாமி என்று நாம் எண்ணியிருந்த தோர் என்னும் இடிச்சாமியைக் கும்பிடுவோரின் மதத்தையே ஐஸ்லாந்து சர்க்கார் 1973-ல் அங்கீகரித்தது! எது எவன் வீட்டுச் சாமி என்று வாத்தியார் என்ன கண்டார்? ஒரு கூட்டத்தில் நாமே ஒரு பையனைப் பார்த்து அப்படிச் சிரித்துத் தொலைத்தோம். கேள்வி கேட்க எழுந்தவன் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் வரவே இல்லை.