‘மயக்கம்’ என்னும் சொல்லும் மருத்துவச் செலவும்



மருத்துவ அமைப்பைப் பற்றி மொழியியல் படித்தவன் பேசக் காரணம் ‘மயக்கம்’ என்னும் சொல். தலைசுற்றல், கண் இருளல், பசிச்சோர்வு, நினைவிழத்தல் ஆகிய நான்கையும் அது தாங்கி நிற்கிறது.

நீரிழிவு நோயாளியான என் தாயார் ஒருநாள் ‘மயக்கமா வருது’ என்றார். பணியிலிருந்த மருத்துவர் அவரை முன்பின் கண்டதில்லை; தமிழும் அறியார். நினைவிழந்தார் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னவன் நான்தான். முனைவர் பட்டம் அன்று உதவவில்லை. வழியில் நான் வாங்கிக் கொடுத்த மைலோவால் சர்க்கரை அளவும் அதற்குள் சீராகியிருந்தது. இதயச் சோதனை, தலைக்கு ஸ்கேன், இரண்டு நாள் மருத்துவமனை. குறையொன்றும் காணப்படவில்லை.

அடுத்த வாரம் அவரைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவந்த மருத்துவரிடம் சென்றோம். அவர் சீனர், அறிந்த தமிழ் பத்துச் சொற்களே. ஆயினும், ‘மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாரா?’ என்றுதான் முதலில் கேட்டார். அதுவே காரணம். மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

சிங்கப்பூரில் முதல்நிலை மருத்துவத்தின் பெரும்பகுதி தனியார் மருந்தகங்களில் நடைபெறுகிறது. ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம் என்னும் முறையில், கேட்டறியச் செலவிடும் நேரத்திற்குத் தனி வருவாய் இல்லை. நோயாளியும் அருகில் திறந்திருக்கும் கடையை நாடுவதுபோல் மருந்தகம் மாறுகிறார். 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம் இக்கணக்கை மாற்ற முயல்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஒரு மருந்தகத்தைத் தேர்ந்து பதிந்துகொள்ளலாம். பதிந்தோரைப் பேணுவதற்கென மருந்தகத்திற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. நோய் முற்றாமல் காப்பதற்கும் ஊதியம் கிடைக்கிறது என்பதே இதன் சிறப்பு.

எனக்கு ஓர் ஐயமும் உண்டு. பதிவு மருந்தகத்தின் பெயரில் அமைகிறது. பல மருத்துவர்கள் முறைவைத்துப் பணியாற்றும் இடத்தில், பதிந்தவரும் ஒவ்வொரு முறையும் புதியவரிடம் தம் கதையை முதலிலிருந்து சொல்ல நேரலாம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வழங்கும் முறையில், வேண்டிய சோதனையையும் தள்ளிப்போடும் ஆசை எழக்கூடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே பதிவு செய்யச் செல்லும் நம் முதியோர் ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘அடுத்த முறையும் இதே மருத்துவரைப் பார்க்கலாமா?’ மருந்தகங்களிடம் என் வேண்டுகோளும் ஒன்றே. நோயாளி சொன்ன சொல்லை, மொழிபெயர்ப்புக்கு முன், அவர் சொன்னபடியே குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்.