உப்பளம் கற்பிக்கும் மழைப்பாடம்

(கிளியனூரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காற்று மண்டலத்தில் நீர் எவ்வாறு இயங்குகிறது என்பது நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் விஞ்ஞானப் பாடம். ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் நமக்கும் அது உரிய பாடமே ஆகும்.

நமக்கு அண்மையிலுள்ள மரக்காணம் உப்பளங்களை எடுத்துக்கொள்வோம். பாத்தியில் பாய்ச்சிய உவர்நீரை வெயிலும் காற்றும் உலர்த்துகின்றன. நீர் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகி மேலே செல்கிறது. உப்பு பாத்தியிலேயே தங்கிவிடுகிறது. வங்கக் கடலின் பரப்பெங்கும் நடப்பதும் இதுவே. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. எனினும் அதிலிருந்து எழும் ஆவியில் உப்பு இல்லை. கடல் கரித்தாலும் மழை கரிக்காததன் காரணம் இதுதான்.

ஆவி கலந்த காற்று மேலே எழும்போது குளிர்கிறது. அப்போது தூசியையும், கடலலை தெறிப்பதால் காற்றில் ஏறும் மிக நுண்ணிய உப்புத் துகள்களையும் பற்றிக்கொண்டு ஆவி நீர்த்திவலைகளாகிறது. இத்திவலைகளின் கூட்டமே மேகம். அவை ஒன்றோடொன்று சேர்ந்து கனத்ததும் மழையாக இறங்குகின்றன.

வானத்தில் எவ்வளவு நீர் உள்ளது? காற்று மண்டலத்திலுள்ள ஆவி முழுவதையும் ஒருங்கே மழையாக்கிப் பூமியெங்கும் பரப்பினால், சுமார் 2.5 சென்டிமீட்டர் உயரமே நிற்கும். மேலே சென்ற நீர் சராசரியாக ஒன்பது, பத்து நாட்களில் கீழே வந்துவிடுகிறது. ஆகவே வானம் நீரைச் சேமிக்கும் களஞ்சியமன்று. நீரைச் சுமந்து செல்லும் வண்டியே ஆகும்.

தென்மேற்குப் பருவக்காற்று தன் சுமையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே இறக்கிவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வரும் காற்றே நமக்குப் பெருமழை தருகிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் விரைந்து நகரவில்லை. கடற்காற்று மேலும் மேலும் ஆவியைக் கொண்டுவந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் நீராகும்!

இத்தகைய மழை சில நாட்களில் வந்து முடிந்துவிடுகிறது. வரத்துக்கால் தூர்ந்திருந்தால் ஏரிக்குச் சேர வேண்டிய நீர் வயலையும் வீட்டையும் சூழ்ந்து, பின்னர் கடலுக்குப் போகிறது. கோடையில் கிணறு வற்றுகிறது.

கடலோரத்தில் இன்னொரு அபாயமும் உண்டு. நிலத்தடியிலுள்ள நன்னீரே கடல்நீரை உள்ளே வரவொட்டாமல் தடுத்து நிற்கிறது. ஊறுவதற்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் உட்புகும். அந்நீரை வயலுக்குப் பாய்ச்சினால் என்னவாகும்? உப்பளத்தில் கண்டதுதான்: நீர் ஆவியாகும், உப்பு மண்ணில் நிற்கும். விளைநிலமே பாத்தியாகிவிடும்.

ஆதலின் ஒவ்வோர் ஊராட்சியும் புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்கால்களைத் தூர்வாரி, கரைகளையும் மதகுகளையும் கலங்கல்களையும் பார்வையிட்டுச் செப்பனிட வேண்டுகிறோம். உழவர்கள் வரப்புகளை உயர்த்துவதும், இயன்ற இடங்களில் பண்ணைக்குட்டை வெட்டுவதும் நலம் பயக்கும். வண்டி நம் வாசலுக்கு வரும்போது, சரக்கை இறக்கி வைக்க நம்மிடம் இடம் இருக்க வேண்டும்.