திறமை அழைத்து வரும், பொறுமை நிலைக்க வைக்கும்

(வெற்றி அணியில் புதியவர் நிலைப்பது திறமையாலா, பொறுமையாலா? தொலைக்காட்சி மன்றத்தில் பொறுமை அணி சார்பில் ஆற்றிய உரை)



எதிரணியினர் திறமை, திறமை என்று முழங்கினார்கள். ராபின் உத்தப்பாவுக்குத் திறமை இல்லையா? 2014 ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 660 ஓட்டங்கள் குவித்து, கோல்கத்தா கோப்பை வெல்லத் துணை நின்றவர். 2021 ஜனவரியில் ராஜஸ்தான் அணி அவரைச் சென்னைக்கு மாற்றிக் கொடுத்தது. அதுவரை மூன்று முறை கோப்பை வென்ற அணி அது. அங்கே அவருக்குக் கிடைத்தது என்ன? வெளியே ஒரு நாற்காலி! பெரும்பாலான லீக் ஆட்டங்களில் அவருக்கு இடமில்லை.

சுரேஷ் ரெய்னா காயமடைந்த பிறகே வாய்ப்பு வந்தது. டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்றில் 44 பந்துகளில் 63 ஓட்டங்கள். இறுதியாட்டத்தில் தம் பழைய கோல்கத்தாவுக்கு எதிராகவே 15 பந்துகளில் 31. கோப்பை சென்னைக்கு! காத்திருந்த மாதங்களில் மனம் சோர்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

கூடைப்பந்திலும் இதே கதைதான். மினசோட்டா அணியில் முன்னணி ஆட்டக்காரராக இருந்த ஆண்ட்ரூ விக்கின்ஸ், 2020 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே நாயகன் ஸ்டீபன் கரி. விக்கின்ஸ் எதிரணியின் வலுவான ஆட்டக்காரரைத் தடுக்கும் வேலையை ஏற்றார். 2022இல் அணி வாகை சூடியது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை மாறிச் செல்லும் நம் பிள்ளைகளே, "பழைய கம்பெனியில் நான் யார் தெரியுமா?" என்று தொடங்காதீர்கள். அங்கே எந்த வேலைக்கு ஆள் தேவை என்று முதலில் பாருங்கள். திறமை வாசல்வரை அழைத்து வரும்; உள்ளே நிலைக்க வைப்பது பொறுமையே.